நாற்காலியில் ஒரு தண்ணீர் பாட்டில்

காய்ச்சலில் முதலில் வந்தது ஏரி.

செம்பாக்கத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கிற அதே ஏரிதான். ஆனால் அது படுத்துக் கிடக்கவில்லை. கடையில் நான் முந்தானையை உதறி விரிப்பது போல யாரோ அதை உதறி விரித்துக்கொண்டிருந்தார்கள். கரையெல்லாம் ஜரிகை, உடலெல்லாம் மயில்கழுத்து நிறம். "இதுல வேற கலர் காட்டுங்க" என்றது ஒரு குரல். அந்த ஏரியை மடித்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தேன். எடுக்க எடுக்க அலமாரியில் ஏரிகள். தொண்டை காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. இத்தனை தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வாய் குடிக்கலாமே என்று எனக்குத் தோன்றவே இல்லை. கனவிலும் நான் டியூட்டியில்தான் இருந்தேன்.

தாம்பரத்தில் ஒரு துணிக்கடையின் பட்டுப் பிரிவில் நிற்கிறேன். எங்களில் யாரும் "வேலை பார்க்கிறேன்" என்று சொல்வதில்லை. "எந்தக் கடைல நிக்கிற?" என்றுதான் ஒருத்தியை ஒருத்தி கேட்போம். நின்று நின்று வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. என்னைப் போல நிற்கிறவர்கள் தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரை கடைக்குக் கடை இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியாவது இதைப் படித்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்தால் போதும், அதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஆரம்பத்தில் அது நோய் போலவே இல்லை. முதுகின் வலது பக்கம், விலா எலும்பு முடிகிற இடத்தில், ஒரு கை அழுத்திக்கொண்டே இருப்பது போல வலித்தது. நிற்கிறவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன வலிக்கும்? தைலம் தேய்த்துக்கொண்டேன். சிறுநீர் போகும்போது எரிந்தது. சூடு என்று வெந்தயத்தை மோரில் போட்டுக் குடித்தேன். ஆடித் தள்ளுபடி நடந்துகொண்டிருந்தது. தள்ளுபடி நேரத்தில் விடுப்பு கேட்பதும் கல்யாண வீட்டில் பந்தி நடுவில் இலையை எடுப்பதும் ஒன்று.

ஒரு மத்தியானம், அரக்குப் புடவை ஒன்றை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது புடவை நடுங்கியது. பட்டுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தேன். நடுங்கியது என் கை.

"ஏசி ஜாஸ்தியாக்கா?" என்றாள் வாங்க வந்த பெண்.

"ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு மடிப்பைப் பிரித்தேன். அந்தப் புடவை விற்றுவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்ததும் போர்வைக்கு மேல் போர்வை போட்டும் குளிர் அடங்கவில்லை. என் கணவர் மோகன் தாம்பரத்துக்கும் ராஜகீழ்ப்பாக்கத்துக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். சவாரி முடித்து வந்தவர் நெற்றியில் கை வைத்தார்.

"இன்னாடி இது, இப்டி கொதிக்குது?"

"ஒண்ணும் இல்ல. மாத்திரை போட்டா போயிடும்."

"இன்னா போயிடும்? பல்லு தாளம் போடுது. எழுந்திரு, ஏறு வண்டில."

எப்போதும் ஆட்கள் நெருக்கியடித்து உட்காரும் அந்த வண்டியில் நான் மட்டும் நீளமாகப் படுத்துக்கொண்டு போனேன். வழியெல்லாம் ஆட்கள் கை காட்டினார்கள். "வண்டி இன்னிக்கு ஓடாதுப்பா" என்று சொல்லிக்கொண்டே அவர் ஓட்டினார். படுத்தபடி பார்த்தால் நம் ஊரே வேறு ஊர். கடைப் பலகைகள் தலைகீழாக நழுவிப் போயின. மேம்பாலத்தின் வயிறு தெரிந்தது. விமானம் ஒன்று தரையிறங்க வழி கேட்டுக்கொண்டு தாழப் பறந்தது.

ஜிஎஸ்டி ரோட்டின் மேல் இருக்கிற நடுத்தரமான ஒரு மருத்துவமனை அது. அவசரப் பிரிவில் முதலில் டெங்குவாக இருக்குமோ என்றுதான் பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். சிறுநீர் கேட்டார்கள். சின்ன டப்பாவை வாங்கிக்கொண்டு போய் வெகுநேரம் நின்றேன். வந்தது சொட்டுதான், அதுவும் தேநீர் நிறத்தில்.

டாக்டர் என் மகளை விடக் கொஞ்சம்தான் பெரியவளாக இருப்பாள். கலைந்த கொண்டையும் தூங்காத கண்ணுமாக வந்தாள். முதுகில், நான் தைலம் தேய்க்கிற அதே இடத்தில், கையை மடக்கி மெதுவாக ஒரு தட்டு தட்டினாள். என் வாயிலிருந்து வந்த சத்தத்தில் அடுத்த கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இது முதுகு வலி இல்லம்மா. கிட்னி."

அவள் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். சிறுநீர்ப்பையில் எப்போதாவது கிருமி வந்து தங்கும். நாம் நிறையத் தண்ணீர் குடித்து அடிக்கடி போய்விட்டால் அது அடித்துக்கொண்டு போய்விடும். போகாமல் அடக்கி வைத்தால், தேங்கின குட்டையில் பாசி பிடிப்பது போல அது பெருகும். பிறகு குழாய் வழியாக மேலே ஏறும். ஏறிச் சிறுநீரகத்தில் உட்கார்ந்துவிட்டால் இந்தக் குளிரும் நடுக்கமும் வரும். அப்படியே விட்டால் ரத்தத்தில் கலக்கும். கல்ச்சர் என்று ஒரு சோதனை செய்தார்கள். சிறுநீரை ஒரு தட்டில் விட்டு, என்ன கிருமி முளைக்கிறது, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பது. கிரியேட்டினின் என்று இன்னொன்று. சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவு ரத்தத்தில் எவ்வளவு தங்கிவிட்டது என்று அது காட்டும். எனக்கு அது இருக்க வேண்டியதை விட மேலே இருந்தது.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை பாத்ரூம் போவீங்க?"

"காலைல வீட்ல போவேன்."

"அப்புறம்?"

"அப்புறம் வீட்ல."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "நடுவுல?"

"நடுவுல கடைம்மா."

அவள் என் கணவரைப் பார்த்தாள், அவர் சுவரைப் பார்த்தார்.

பிறகு வந்த நாட்களை என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. குளுகோஸ் பாட்டிலிலிருந்து ஒவ்வொரு சொட்டாக இறங்கியது. நான் இத்தனை வருடம் குடிக்காமல் விட்ட தண்ணீரையெல்லாம் யாரோ சேர்த்து வைத்திருந்து, இப்போது தவணையில் திருப்பித் தருவது போல இருந்தது. மருந்து ஏறும்போது கையில் குளிர்ந்த நூல் ஒன்று ஓடும். நூலைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போவேன். சாயங்கால வெயில் திரைச்சீலையில் விழுந்து, அறை முழுக்க மாம்பழ நிறமாகும். அந்த நிறத்துக்கு எந்த பார்டர் எடுக்கும் என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ரயில் போகும் சத்தம் கேட்கும். அது கட்டிலுக்கு அடியில் ஓடி, என்னை ஏற்றிக்கொள்ளாமலே கூடுவாஞ்சேரிக்குப் போய்விடும்.

மகள் கல்லூரி முடிந்து வந்து தலை பின்னிவிடுவாள். அவளுக்கு நான் பின்னிவிட்ட அதே இறுக்கத்தில் பின்னினாள். என் கணவருக்குச் சமையல்கட்டில் தீப்பெட்டி எங்கே இருக்கிறது என்று கூடத் தெரியாது. அவர் பார்லி கஞ்சி போட்டு ஃப்ளாஸ்க்கில் கொண்டுவந்தார். கஞ்சியில் உப்புக்குப் பதில் சர்க்கரை.

"நல்லாக்கீதா?"

"ம். பாயசம் பிரமாதம்."

சிரித்தார். ஆனால் கை சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டு மீண்டது. அதில் மடித்த பில் இருந்தது. என்னிடம் காட்டவில்லை, நானும் கேட்கவில்லை.

காய்ச்சல் இறங்கிய அன்று டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவை தப்பிச்சிட்டீங்க. இன்னொரு தடவை வந்தா கிட்னில தழும்பு விழும். விழுந்தா விழுந்ததுதான், கெட்ட எடம் திரும்ப வளராது. முட்டுதோ முட்டலையோ, ரெண்டு ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை போகணும். நிறைய குடிக்கணும்."

"கடைல முடியாதும்மா."

"அப்ப கடையை மாத்துங்க."

எளிதாகச் சொல்லிவிட்டுப் போனாள். எந்தக் கடைக்கு மாற்றுவது? எல்லாக் கடையிலும் தரை ஒன்றுதான். என் சம்பளமும் விற்பனைக்குக் கிடைக்கிற ஊக்கத்தொகையும் இல்லாமல் எங்கள் வீடு நகராது. சிறுநீரகமா, கடையா என்று ஒரு தராசு அன்றிலிருந்து என் தலைக்குள் ஆடத் தொடங்கியது.

ஏன் முடியாது என்பதைச் சொல்ல வேண்டும். யாரும் எங்களைக் கட்டிப்போடவில்லை. பட்டுப் பிரிவில் நாங்கள் படிக்கட்டு முடிகிற இடத்திலிருந்து வரிசையாக நிற்போம். ஏறி வருகிற வாடிக்கையாளர் முதலில் நிற்பவளுக்கு. அவள் விற்றுவிட்டு வரிசையின் கடைசிக்குப் போவாள். இதை டர்ன் என்போம். உன் டர்ன் வரும்போது நீ இல்லையென்றால் அது அடுத்தவளுக்கு. நீ மறுபடி கடைசியில். கழிப்பறை மொட்டை மாடியில் இருந்தது. லிஃப்ட் வாடிக்கையாளருக்கு மட்டும். ஏறி இறங்குவதற்குள் ஒரு கல்யாண வீடே வந்து வாங்கிக்கொண்டு போய்விடும். அதனால் தண்ணீர் குடிக்க மாட்டோம். உதட்டை நனைத்துக்கொள்வதோடு சரி.

கடையில் நிற்கிற பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்தது. நாற்காலிகளும் வந்தன, சிவப்பு பிளாஸ்டிக்கில். ஆய்வுக்கு வந்த அதிகாரி அம்மா நல்லவர். நாற்காலியை இழுத்துப் பார்த்தார், தானே ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தார். "உக்காருங்கம்மா, இது உங்க உரிமை" என்றார். போனார். நாற்காலிகளை யாரும் எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆனால் அவை சுவர் ஓரத்தில் இருந்தன, வரிசை படிக்கட்டு ஓரத்தில் இருந்தது. உட்கார்ந்தால் டர்ன் போகும். நாங்களே அவற்றின் மேல் பிளவுஸ் துணிகளை அடுக்கினோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். சிறுநீர்ப்பை முழுக்க நிரம்ப வேண்டும், நிரப்பிப் பார்த்துவிட்டு, போய்வந்த பின் மறுபடி பார்ப்பார்கள். அன்று என்னைப் பார்க்க ஷாகிதா வந்திருந்தாள். கடையில் எனக்கு அடுத்து நிற்பவள், கூடுவாஞ்சேரியிலிருந்து மின்சார ரயிலில் வருகிறவள். வாய் சும்மா இருக்காது.

"இன்னாக்கா, ஆஸ்பத்திரி ஒத்துக்கிச்சு போல? கலரு குடுத்துக்கீது."

"நீ ஏண்டி கடையை விட்டு வந்த?"

"வார லீவு. உன்ன பாக்காம வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போறேன்?"

அவளே என்னைக் கைத்தாங்கலாக ஸ்கேன் கூடத்துக்கு அழைத்துப் போனாள். கூடம் முழுக்கப் பெண்கள், கர்ப்பிணிகள் பாதி. எல்லோர் கையிலும் தண்ணீர் பாட்டில். குடித்துவிட்டு நெளிந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தி கால் மேல் கால் போட்டு உதட்டைக் கடித்தாள். இன்னொருத்தி, "மேடம், சீக்கிரம் கூப்புடுங்க, இங்கயே ஏரி ஆயிடும்" என்று கதவைத் தட்டினாள். நான் மட்டும் அசையாமல் இருந்தேன்.

என் பக்கத்தில் இருந்த கர்ப்பிணி, "உக்காந்தா இன்னும் முட்டுது" என்று எழுந்து நடக்கப் போனாள். போகும்போது தன் பாட்டிலை நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். மனைவியோடு வந்த ஒருவர் அந்தப் பாட்டிலை ஓரமாகத் தள்ளி உட்காரப் பார்த்தார். வரிசை மொத்தமும் ஒரே குரலில் எழும்பியது.

"சார்! பாட்டில் கீது தெரியல?"

"ஆள் கீது சார் அங்க!"

அவர் தீயைத் தொட்டது போல விலகினார். நடந்தவள் வெகுநேரம் கழித்து வந்தாள். அதுவரை அவள் நாற்காலி அவளுக்காகவே காலியாக இருந்தது. அதன் மேல் பாதி குடித்த ஒரு பாட்டில், கதவுக் கண்ணாடி வழியாக வந்த வெளிச்சத்தைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு மினுங்கியது. அந்த அரை பாட்டில் தண்ணீரைத் தாண்ட அந்தக் கூடத்தில் ஒருவருக்கும் துணிவில்லை.

"ஷாகிதா, இத பாத்தியா?"

"எத?"

"பாட்டில் நிக்குது. அவ நிக்கல."

ஷாகிதா பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

ஸ்கேன் அறையில் குளிர்ந்த பசையை வயிற்றில் தடவிக் கருவியை உருட்டிய பெண் திரையைப் பார்த்துத் திகைத்தாள். "முட்டலையா உங்களுக்கு?"

"இல்லையே மேடம். இன்னும் குடிக்கணுமா?"

"ஐயோ, வேணாம். இங்க பாருங்க." திரையில் கறுப்பாக ஒரு பெரிய குளம். "இவ்வளவு இருந்தா யாரும் நிக்கவே முடியாது. போய்ட்டு வாங்க."

போய்விட்டு வந்தேன். மறுபடி பார்த்தால் குளத்தில் இன்னும் தண்ணீர் இருந்தது. பிறகு டாக்டர் விளக்கினாள். அடக்கி அடக்கிப் பை தளர்ந்துவிட்டது. 'நேரமாயிற்று' என்று மூளைக்குச் சொல்கிற நரம்பு, சொல்லிச் சொல்லி யாரும் கேட்காததால் சொல்வதையே விட்டுவிட்டது. இனி அவசரப்படாமல் உட்கார வேண்டும். போன பிறகு எழுந்துவிடாமல் கொஞ்சம் காத்திருந்து மறுபடி முயல வேண்டும். பழக்கினால் பெரும்பாலும் திரும்பி வரும்.

"உங்க கடைல வேற யாருக்காவது இப்படி இருக்கா?" என்று டாக்டர் ஷாகிதாவைக் கேட்டாள்.

"யாருக்கு இல்லன்னு கேளுங்க மேடம், சீக்கிரம் முடிஞ்சிடும்."

டாக்டர் சிரிக்கவில்லை. "இனிமே எரிச்சல்னு வர்ற எல்லாரையும் எங்க வேலை செய்யறீங்கன்னு மொதல்ல கேக்கப் போறேன்" என்றாள், எங்களிடம் இல்லை, தனக்கே சொல்வது போல.

வீட்டில் ஓய்வாக இருந்த நாட்களில் சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போய் நிற்பேன். நிஜ ஏரி கனவு ஏரி போல இல்லை. ஆகாயத்தாமரை மூடி, ஓரத்தில் பிளாஸ்டிக் மிதந்து, நடுவில் மட்டும் கொஞ்சம் வெட்டவெளியாகத் தண்ணீர். அதில் ஒரு நாரை தன் நிழல் மேல் நின்றுகொண்டிருந்தது. போகப் பாதை இல்லாத தண்ணீர் என்ன செய்யும் என்று எனக்கு இப்போது உடம்பால் தெரியும். வேலையை விட்டுவிடு என்றார் கணவர். வாயால்தான் சொன்னார். கை சட்டைப் பையில் இருந்தது.

போய்ப் பார்க்கலாம், முடியாவிட்டால் திரும்பி வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

பட்டுப் பிரிவுக்குப் படியேறினேன். கடைசிப் படியில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். சுவர் ஓரத்துச் சிவப்பு நாற்காலிகள் படிக்கட்டு ஓரத்துக்கு வந்திருந்தன, வரிசையாக. பிளவுஸ் துணிகள் அலமாரிக்கே திரும்பியிருந்தன. நாற்காலிகளில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் இல்லாத நாற்காலியில் பாட்டில் இருந்தது.

"யக்கா வந்துட்ச்சு!" என்று ஷாகிதா கத்தினாள். "பாத்தியா? இப்ப நாற்காலிதான் டர்னு. மொத நாற்காலிக்கு மொத கஸ்டமர். மேல போறவ பாட்டில வெச்சிட்டுப் போவா. அவ கஸ்டமர் வந்துட்டா அடுத்தவ குந்த வெச்சு, தண்ணி குடுத்து, பேச்சு குடுத்துக்கினு இருக்கணும். புடவைய எடுக்கக் கூடாது."

"இன்சார்ஜ் சார்?"

எங்கள் பிரிவை மேற்பார்க்கிற அவர் கல்லாப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தார். "வாம்மா, ஒடம்பு பரவாயில்லையா? பாரு இவளுக பண்றத. கஸ்டமர் ஏறி வந்தா வரிசையா உக்காந்திருக்காளுக. இது கடையா, கல்யாண மண்டபமா?"

"மண்டபத்துலதான சார் பட்டு கட்டுவாங்க" என்றாள் ஷாகிதா. "எடுத்துட்றோம் சார். அந்த ஆபீசர் அம்மா மறுபடி வந்து நாற்காலி எங்கன்னு கேட்டா நீங்களே சொல்லிடுங்க."

"தீபாவளி வரட்டும், கூட்டத்துல இதெல்லாம் எத்தனை நாளைக்குன்னு பாக்கறேன்" என்றார். ஆனால் போகும்போது, கோணலாக இருந்த ஒரு நாற்காலியைக் காலால் நேராக்கிவிட்டுத்தான் போனார்.

வரிசையின் நடுவில் ஒரு நாற்காலியில் பழைய எவர்சில்வர் பாட்டில் ஒன்று இருந்தது. கழுத்தில் நசுங்கல். என்னுடையது. நோயில் விழுந்த அன்று அலமாரிக்கு அடியில் விட்டுப்போனது.

"நீ இன்னிக்கு வருவேன்னு சொன்னல்ல, காலைலயே எடம் போட்டேன்" என்றாள் ஷாகிதா. "ரெண்டு வாய் நானே குடிச்சிட்டேன்கா, கோச்சுக்காத. ரொம்பின பாட்டில் இங்க செல்லாது. குடிச்ச பாட்டிலுக்குத்தான் டர்னு."

உட்கார்ந்தேன். அந்தப் பிரிவில் இத்தனை வருடத்தில் முதல் தடவை. உட்கார்ந்து பார்த்தால் அலமாரிகள் உயரமாகி, புடவைகள் எல்லாம் மேலிருந்து அருவி போல இறங்கின. குடித்தேன். ஒவ்வொரு நாற்காலியாக முன்னால் நகர்ந்தேன். முதல் நாற்காலிக்கு வந்தபோது, படிக்கட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். கல்யாண வீடு. பெண், பெண்ணின் அம்மா, அத்தைகள், மூச்சு வாங்க ஏறும் ஒரு பெரியம்மா. தள்ளுபடி பார்க்க வந்தவர்கள் இல்லை, முகூர்த்தப் புடவைக்கு வந்தவர்கள். நடையிலேயே தெரியும்.

"யக்கா, நேரமாச்சு. மேல போ" என்றாள் ஷாகிதா.

"கல்யாண வீடுடி. முடிச்சிட்டுப் போறேன். முட்டவே இல்ல."

"ஒனக்கு எப்பத்தான் முட்டிச்சு? போ."

என் கால் நகரவில்லை. அடக்கி அடக்கிப் பழகிய உடம்பு முழுக்க அந்தப் பழைய பூட்டு தானாக விழுந்ததை உணர்ந்தேன். பிறகு பாட்டிலை நாற்காலியில் வைத்தேன். வைத்த கையை எடுக்கத்தான் நேரமாயிற்று.

மொட்டை மாடியில் வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. உள்ளே போய் உட்கார்ந்து காத்திருந்தேன். கீழே முகூர்த்தப் புடவை காத்திருந்தது. ஒன்றும் வரவில்லை. எழுந்துவிடலாமா என்று இருந்தது. எழவில்லை. எங்கோ ரயில் ஒன்று மெதுவாகத் தாம்பரத்துக்குள் நுழைந்து, பெருமூச்சு விட்டு நின்றது. அப்போது உடம்புக்குள்ளே ஏதோ ஒன்று, வெகுகாலம் பேசாத ஒருத்தி, தயங்கித் தயங்கி என் பெயரைக் கூப்பிட்டது போல இருந்தது.

முடிந்த பிறகும் டாக்டர் சொன்னபடி காத்திருந்து, இன்னொரு தடவையும் போய்விட்டுத்தான் இறங்கினேன்.

கீழே கல்யாண வீடு போகவில்லை. ஷாகிதா அவர்களிடம் மாப்பிள்ளையின் ஊர், உத்தியோகம் எல்லாம் விசாரித்து முடித்திருந்தாள். மூச்சு வாங்கிய பெரியம்மா என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் என் பாட்டில், இரண்டு கையாலும் பத்திரமாகப் பிடித்தபடி.

"யாரோடதும்மா இது?" என்றார். "கால் வலிக்குதுன்னு உக்காந்தேன். பாட்டில கீழ வைக்கப் போனா இந்தப் பொண்ணு போடுது சத்தம், அய்யய்யோ டர்ன் போயிடும், கைல புடிச்சிக்குங்கன்னு."

"என்னோடதுதாம்மா."

பாட்டிலை வாங்கி, அவர்கள் முன்னாலேயே ஒரு வாய் குடித்தேன். மூடியைத் திருகிவிட்டு, மயில்கழுத்து நிறத்தில் ஒன்றை எடுத்து உதறி விரித்தேன்.